ரெஜிபோம் மூடி

"ஒன்றுமே இல்லாமல்தான் எடுத்தேன்
முதல் படத்தை" என்கிறான் லோகிதன்,
எல்லாப் பேட்டியிலும்.

அந்த ஒன்றுமில்லாததைப்
பாலமீன்மடு வாடியிலிருந்து
சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு
போனவன் நான்.
மீன்பெட்டி மூடி.
மூன்று தரம் சவர்க்காரம் போட்டும்
சூரை வாடை போகவில்லை.
வெயிலை அதில் வாங்கி
டிலோஜினியின் முகத்தில் விடவேண்டும்,
அதுதான் எனக்கு வேலை.
"தள்ளிப் பிடியன், சத்தி வருகுது" என்பாள்.

முகாம் வாசலில் அவள் அழும் காட்சிக்குக்
கிளிசரின் வாங்கக் காசில்லை.
மூடியை மூக்கருகே கொண்டுபோகச் சொன்னான்.
அழுதாள்.
அந்த அழுகையைப் பற்றிப்
பரிசில் ஒருவர் இரண்டு பக்கம் எழுதினாராம்.

படத்தில் இரவே வராது.
அதற்கும் ஒரு பெரிய விளக்கம் படித்தேன்.
கிருபைராசாவின் கலியாணக் கமரா அது,
நாலு மணிக்குள்
செங்கலடிச் சாமத்திய வீட்டுக்குப்
போய்ச் சேரவேண்டும்.
வேறொன்றுமில்லை.

நாற்பத்தோராவது நிமிடம்
முகத்துவார மணலில் அவள் தனியே நடப்பாள்.
மூன்றரை மணி வெயில்.
காற்று மூடியைப் பிடுங்க,
ஓரடி முன்னே வைத்துவிட்டேன்.
சதுரத் தலையோடு ஒரு நிழல்
அவள் பாதத்தின் மேல் ஏறி இறங்கும்.
மறுபடி எடுக்க நாடா இல்லை.
"கிடக்கட்டும்" என்றான்.
என் மகள் அந்த இடத்தில்
எப்போதும் படத்தை நிறுத்துவாள்.
"அப்பாட நிழல்" என்பாள்
வீட்டுக்கு வருகிற எல்லாரிடமும்,
ஒருமுறை கரண்ட் பில் கொண்டுவந்தவரிடமும்.

போன மாதம்
கீறல் நீக்கிய புதுப் பிரதி.
கல்லடியில் மண்டபம், குளிரூட்டி,
இரண்டாம் வரிசையில்
என் பெயர் ஒட்டிய கதிரை,
ஓரெழுத்துப் பிழையோடு.

நாற்பத்தொன்று.
மணல் அப்படியொரு வெள்ளை.
ஒரு கறை இல்லை.
அவள் நடக்கிறாள்,
முகத்தில் மட்டும் வெளிச்சம்
எங்கிருந்தோ.
மகள் இருட்டில் என் பக்கம்
திரும்பியது தெரிந்தது.
நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாசலில் கட்டிப்பிடித்தான்.
"எப்பிடிரா?"
"நல்ல துப்புரவு" என்றேன்.
விடவில்லை.
தோளில் அவன் மூக்கு
கொஞ்ச நேரம் நின்றது.
"சூரையோ?"
"இப்ப சூரை எங்க படுகுது,
பாரை."