சாம்பல் நிற மரிகோல்ட்

எங்கள் வீட்டில் நாற்பத்து மூன்று மரிகோல்டுகள்.
நாற்பத்திரண்டு மஞ்சள்.

உள்ளங்கையில் அடங்குவது,
வயிற்றை அழுத்தினால் சைரன் கூவுவது,
சாப்பாட்டு டப்பா, தலையணை உறை,
ஒரு சக்கரம் தொலைந்ததால் பாதி விலைக்கு வந்தது,
பெட்டியைப் பிரிக்கவே இல்லை என்பதால்
மூன்று மடங்கு விலைக்கு வந்தது.
கல்யாணமான புதிதில்
இந்தக் கடைசிக் கணக்குதான் எனக்குப் பிடிபடவில்லை.
தூசி தட்டுவது நான்.

வெர்லின் ஹாஸ்காம்ப், என் கணவன்,
நெப்ராஸ்கா முழுக்கத் தானியக் கிடங்குகளின்
தராசுகளைச் சரிபார்க்கிறவன்.
ஒரு லாரி சோளத்தில் ஒரு பிடி குறைந்தாலும்
முகம் சுளிப்பான்.

அவன் ஏழு வயதில் பார்த்த தொடரில்
ஒரு பெண் ஷெரிஃபும் அவள் மச்சானும்
வெள்ளிதோறும் அந்தக் காரில்
யாரையாவது துரத்துவார்கள்.
வெர்லின் வீட்டு டிவி கறுப்பு வெள்ளை.
மரிகோல்ட் யாரோ ஒருத்தியின் பேர் என்றே
நினைத்திருந்தான். ஷெரிஃபின்
செத்துப்போன அம்மாவாக இருக்கலாம்.
பூவென்று யாரும் சொல்லவில்லை.

ஓட்ஸ் டப்பா மூடிகள் ஆறு சேர்த்து அனுப்ப
தபாலில் பொம்மைக் கார் வந்தது. மஞ்சளாக.
வேறு யாருடையதோ எனக்கு வந்துவிட்டது என்று
பென்சிலில் கடிதம் எழுதினான்.
பதிலைக் கண்ணாடிச் சட்டமிட்டு மாட்டியிருக்கிறான்:
‘அன்புள்ள வெர்லின்,
எங்கள் வண்டிகள் அனைத்தும்
திரையில் கண்டபடியே செய்யப்பட்டவை.’

திரையில் கண்டபடியே.
கொட்டகைக்குப் போனான்.
டிராக்டருக்கு அடித்து மிஞ்சிய பிரைமர் இருந்தது.
அதுதான் நாற்பத்து மூன்றாவது.

பத்தொன்பது வயதில், ஒரு மோட்டலில்,
கலரில் மறுஒளிபரப்பு.
ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு
வெளியே போய் நின்றேன் என்றான்.
அதற்குமேல் அதைப் பற்றிப் பேசியதில்லை.

பிறகு நிஜ அளவில் ஒன்றைக் கட்டினான்.
பதினோரு வருஷம்.
அரிசோனாவிலிருந்து ஒரு பம்பர்,
ஒன்டாரியோவில் இறந்துபோன பல் டாக்டரின்
கராஜிலிருந்து ஸ்டீயரிங்,
என் சமையலறைக்கென்று வைத்திருந்த காசு.
மஞ்சள் பெயின்டுக்கு மட்டும்
எட்டு மாதம் அலைந்தான், அச்சு அசலான மஞ்சள்.
நாளை அடிக்கலாம் என்றிருந்த இரவு
கராஜிலிருந்து கூப்பிட்டான்.
பிரைமரோடு நின்றது வண்டி.
‘லோரெட்டா, பாரேன்’ என்றான்.
பார்த்தேன். எனக்கு அது முடியாத வேலை.
அவன் கண்ணில் வேறு என்னமோ.

பெயின்ட் டப்பா அலமாரியில் இருக்கிறது.
திறக்கவில்லை.
மூன்று மடங்கு போகும்.

கர்னியில் ஜூலை மாதக் கண்காட்சி.
வரிசையாய்ப் பதினோரு மஞ்சள், ஓரத்தில் நாங்கள்.
மதிப்பெண் போட வந்த பெண் நல்லவள்தான்.
‘அடுத்த வருஷம் முடித்துவிட்டுக் கொண்டு வாருங்கள்’ என்றாள்.
நிறம்: பூஜ்யம்.
ஒரு பிடி சோளத்துக்குச் சண்டை போடுகிறவன்
வாயைத் திறக்கவில்லை.

மத்தியானம், தீவனக் கடைத் தொப்பி போட்ட ஒருவர்
தலையைச் சாய்த்துச் சாய்த்து நெடுநேரம் பார்த்தார்.
‘எங்க வீட்டுல படம் உருண்டுகிட்டே இருக்கும்.
அப்பா ஒண்ணு வைப்பார்’ என்று சொல்லி
கையை ஓங்கி
மரிகோல்டின் கூரையில் ஒரு தட்டுத் தட்டினார்.

கையுறை இல்லாமல் என்னைத் தொடவிடாத வண்டி.
வெர்லின் சிரித்தான்.
அப்படிச் சிரிப்பவனை
முப்பத்தாறு வருஷத்தில்
நான் இரண்டு தரம் பார்த்திருக்கிறேன்.

எங்கள் வீட்டில் கலர் டிவி. சொல்லிவிடுகிறேன்.
மரிகோல்ட் மஞ்சள். எவன் வந்து தட்டினாலும் மஞ்சள்.

திரும்பும்போது பொழுது போய்விட்டது.
முன்னால் வரிசையாகப் போன வண்டிகள்
பிளாட் நதிப் பாலத்துக்கு அருகில்
ஒன்று, அப்புறம் இன்னொன்று,
மஞ்சளை இழந்து
இருட்டில் சாம்பலாயின.

நான் பார்த்ததை அவனும் பார்த்தான்.
ஒன்றும் சொல்லவில்லை.
விளக்கைப் போட்டு
மரியாதையாக ஓட்டிக்கொண்டு வந்தான்.