நீர்க்கோடு

டூசானில் தண்ணீர்கூடப் பாதி கல்லாகத்தான் குழாயில் வரும்.
குளத்து ஓடுகளைச் சுற்றி விரலகலக் கோடு.
"வெள்ளிக்கிழமை வீடு பார்க்க வருகிறார்கள்" என்றாள் மார்லிஸ்,
தேதி போடாத காசோலையை நீட்டி.

ஒரு சாண் தண்ணீரை இறக்கினேன்.
வினிகர் அடித்தேன். சும்மா நுரைத்தது.
நுரைக்கல்லை நனைத்து நனைத்துத் தேய்த்தேன்.
வெள்ளை, சுண்ணாம்பு. உதிர்ந்துவிடும்.
பழுப்பு, மனிதர்கள்:
சன்ஸ்கிரீன், வியர்வை, முடிக்குப் பூசியது.
அதற்குச் சோடா மாவு, பழந்துணி,
என் இரண்டு முழங்கால்கள்.

ஆழமான பக்கத்து மூலையில்
முழங்கை ஊன்றும் இடத்தில் மட்டும்
கறை தடித்திருந்தது.
யாரோ பல கோடைகள் அங்கேயே
பியர் டப்பாவோடு ஊறியிருக்கிறார்.
நான் கேட்கவில்லை.
"அதையும் எடுத்துவிடு, எலிசியோ."
கொஞ்சம் கழித்து,
"முதலில் அதை."

எடுத்தேன்.
நீல ஓடு வேறு யாருடைய வீட்டினதோபோல் மின்னியது.

சாயங்காலம் குழாயைத் திறந்தாள்.
பழைய மட்டம் வந்ததும் கை காட்டினேன்.
மூடவில்லை.
இன்னும் இரண்டு விரல் ஏறட்டும் என்றாள்.

கோடு மறுபடி விழும் என்றேன்.
அங்கே விழட்டும் என்றாள்.

வண்டியில் ஏறிக் காசோலையைப் பார்த்தேன்.
தேதி இன்னும் இல்லை.