பதினொரு கிராம்

இரண்டு கையுறை, முகக்கவசம், தலைமூடி.
மிச்சம் கண் மட்டும்தான்.
காற்று ஒரே திசையில் வீசும் இந்த அறைக்குள் நுழைந்தால்
மூன்று மணி நேரம் ஒதுங்கப் போக முடியாது.
அதனால் இன்று காலைக் கோப்பி இல்லை.

நான் சமைப்பவள்,
யாரும் ருசிக்காத சமையல்.
சர்க்கரை, அமினோ அமிலம், உப்பு, கால்சியம்,
கடைசியாய் மஞ்சள் வைட்டமின்.
வெளிச்சம் பட்டால் கெடும் என்று
பழுப்பு உறை போட்டு மேலே அனுப்புவேன்.
கொழுப்பு தனி ஊசிக்குழலில்,
பால்போல. பால் இல்லை.
நாக்கைத் தொடாமல், குடலைக் கேட்காமல்
நேரே இதயத்தின் வாசலில் இறங்கும் சோறு.

இன்றைய ஏழாவது பை
ஹஸ்லிண்டாவின் குழந்தைக்கு.
பெயர் வைக்கவில்லை இன்னும்.
இருபத்தாறாம் வாரத்தில் வந்தது. எழுநூற்று எண்பது கிராம்.
தேக்காவில் ஒரு கிலோ வெங்காயம் வாங்கினால்
அதைவிடக் கனம்.

முதல் நாள் ரத்தத்தில் கிரியாட்டினின் எண்பது.
அது பிள்ளையுடையது அல்ல, அம்மாவுடையது.
படித்ததுதான், ஆனாலும்
ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நின்றுவிடுகிறேன்:
கொடியை வெட்டிய பிறகும்
தாயின் எண் ஒன்று
பிள்ளைக்குள் சில நாள் சுற்றிக்கொண்டிருக்கிறது.

பொங்கோலில் எங்களுக்கு ஒதுக்கிய புளோக்கை
ஒருநாள் பார்க்கப் போனோம்.
எட்டாம் மாடிவரை சுவர். அதற்கு மேல் கம்பி.
அந்த நிலையில் சாவியைக் கொடுத்து
குடியேறு என்றால்?
அப்படித்தான் இந்தச் சிறுநீரகம்.
வடிகட்டிகள் பாதிகூடக் கட்டி முடியவில்லை,
குழாயைத் திறந்துவிட்டாயிற்று.
இன்னும் சில வாரத்தில் கொத்தனார்கள் போய்விடுவார்கள்.
மிச்சத்தைக் கட்ட
வாழ்நாளில் திரும்பி வரமாட்டார்கள்.

போன். ஸ்பீக்கரில் டாக்டர் குவெக்.
யூரியா பதினாறு.
அமினோவைக் குறைக்கலாமா, மூன்றரையிலிருந்து மூன்றுக்கு?
கிரியாட்டினின், என்கிறேன்.
இறங்குகிறது. யூரியா மட்டும்தான்.

மட்டும்தான் என்றால்?
தசையாக வேண்டியதை விறகாய் எரிக்கிறதா பிள்ளை,
இல்லை, கழுவி முடியாமல் தேங்குகிறதா?
குறைத்தால் மூளை பட்டினி.
குறைக்காவிட்டால்
பத்து ஆய்வு பத்து விதமாய்ச் சொல்லும்.
ஊட்டுகிற கையின் சந்தேகத்துக்கு
எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

இருவரும் பேசவில்லை.
காற்று மட்டும் ஹும்ம் என்றது.
"மூன்றே கால்," என்றார் கடைசியில்,
மீன் கடையில் பேரம் முடிப்பதுபோல்.
மூன்றே கால்.
இந்த எடைக்கு அந்தக் கால் என்பது
கால் கிராம்கூட இல்லை. ஒரு சிட்டிகை.
அதை அளக்கும்போது என் கை
ஒருமுறை நின்று போனது.

நேற்று லிஃப்டில் பார்த்தது அவளாகத்தான் இருக்கும்.
சாம்பல்நிறத் தூடோங், பிரசவத்தின் தள்ளாட்டம்,
கையில் திறந்த குளிர்ப்பை.
உள்ளே ஊசிக்குழலின் அடியில்
இரண்டு மில்லி பால்.
தளும்பும் சூப் கிண்ணத்தை
மேசைவரை கொண்டுபோகிறவள்போல
இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.
ஏழாம் பை நான்தான் என்று சொல்லவில்லை.
"எந்த மாடி?" என்று மட்டும் கேட்டேன்.

நாலு மணி.
அங்கியைக் கழற்றி எறிந்துவிட்டு நடைவழியில் ஓடினேன்.
முப்பத்தெட்டு வயதுச் சிறுநீரகம்,
ஒரு நாளும் நான் நன்றி சொல்லாதது.
உட்கார்ந்த பிறகுதான் கைப்பேசி அதிர்ந்தது.
மேலேயிருந்து மரிசெல்:
பேம்பர்ஸைத் தராசில் வைத்தேன்.
காய்ந்த எடை போக, நாலு மணி நேரத்தில்
பதினொரு கிராம்.

கிராமுக்கு ஒரு மில்லி.

இருந்த இடத்திலிருந்தே
கட்டைவிரலைத் தூக்கி அனுப்பினேன்.