முப்பது நிமிடம்

ஆறு மணிக் குளிசைவண்டி
ஒன்பதாம் கட்டிலுக்குத் திரும்பும்போது
ஒரு சில்லு கீச்சிடும்.
எண்ணெய் கேட்டு எழுதி இரண்டு மாதமாகிறது.

றெஜிஸ் அண்ணன் சறுக்கிக் கிடக்கிறார்,
கால் கம்பியை முட்ட, தலை தலையணைக்குக் கீழே.
வலப்பக்கம் விழுந்து பன்னிரண்டு நாள்.
பேச்சும் கூடவே போயிற்று.

"படுத்தபடியே குடுங்கோ மிஸ்ஸி,
ஒரு வாய் தண்ணிதானே,"
இரவு துணைக்கு நின்ற மகன்.
தண்ணிக்கு இரைப்பை எது, நெஞ்சு எது என்று தெரியாது தம்பி.
ஆமர் வீதி மழைபோல
பள்ளம் கண்ட பக்கம் போகும்.

நானும் அற்றெண்டன் பியசீலியும்
விரிப்பைப் பிடித்து, ஒன்று, இரண்டு, மேலே.
பிறகு கால்மாட்டில் குனிந்து
கட்டில் கைபிடியைச் சுற்றுகிறேன்.

அப்போதுதான் பார்த்தேன்.
இடது கை எழுந்து
சுட்டுவிரல் கூரையை நோக்கி வட்டம் போடுகிறது.
நான் சுற்றச் சுற்ற, அதுவும்.
இடுப்பு நேரானதும்
உள்ளங்கை கவிழ்ந்து காற்றை வெட்டுகிறது: நில்.

"துறைமுகத்துச் சைகை," மகன் சிரிக்கிறான்.
"கிரேன் ஓட்டினவர். தூக்கு எண்டால் இப்பிடி."
இருபத்தேழு வருடம்
கீழே நின்றவனின் விரல் பார்த்துப் பெட்டி தூக்கியவர்
கீழே கிடந்து எனக்குக் காட்டுகிறார்.

சாயும் வலத்தோளுக்கு ஒரு தலையணை.
நாடி நெஞ்சுப் பக்கம்; அண்ணாந்தால் ஆபத்து.
டோர்ச் அடித்து வாயைத் திறந்தேன்.

செயலற்ற கன்னத்தின் மடிப்பில்
நேற்றிரவுப் பத்து மணிக் குளிசை,
பாதி கரைந்து, சுவரில் ஒட்டிய சுண்ணாம்பாய்.

கொடுத்தது நான்தான்.
அட்டையில் 'கொடுத்தாயிற்று' என்பதும் என் எழுத்து.
விழுங்கினாரா என்று கேட்க
அட்டையில் கட்டம் இல்லை.

விரலில் துணி சுற்றித் துடைத்தெடுத்தேன்.
டொக்டரை எழுப்பிச் சொன்னேன். அவர் எழுதினார்,
நானும் எழுதினேன், உள்ளதை உள்ளபடி.
பிறகு இடப்பக்கமாய் ஒரு கரண்டி,
குரல்வளை ஏறி இறங்கும்வரை பார்த்து
இன்னொன்று.

"முப்பது நிமிசம் இப்பிடியே. பதிக்காதேங்கோ."
மகன் போனில் நேரம் வைக்கிறான்.
வண்டி பத்தாம் கட்டிலுக்குக் கீச்சிட்டது.

ஏழரை பஸ்ஸில் இருக்க இடமில்லை.
கம்பியில் தொங்கியபடி
தலைவலிக்கு ஒரு பனடோல்,
தண்ணியில்லாமல், அண்ணாந்து.
சாரதி பிரேக் போட்டான்.
குளிசை நடுவழியில் நின்றது.

நாடியைக் கீழே இறக்கினேன்.
மருதானை தாண்டும்வரை நிமிர்ந்தே நின்றேன்,
வேறு வழியுமில்லை.