காக்கா பறக்கிற தூரம்

ஆனி மாதத்து வெள்ளிக்கிழமை வந்தது சுற்றறிக்கை.
மூன்று பக்கம், இரண்டு கையெழுத்து.
எழுபது கிலோமீட்டருக்குள் வீடு இருந்தால்
இனி பெண்கள் விடுதியில் அறை கிடையாது.
அளந்து சொல்ல வேண்டியது நான்,
தொகுப்பூதியம், ஒன்பதாவது வருஷம்.

கணினியில் ஒரு புள்ளி நம் வாசலில்,
இன்னொன்று அவரவர் ஊரில்.
நடுவே ஒரு சிவப்புக் கோடு நூல் பிடித்தாற்போல் ஓடும்.
கண்மாய், தண்டவாளம், கல்குவாரி
எதற்கும் ஒதுங்கி நடக்காது.
முதல் நாள் நூற்றுப் பதினேழு பேரை அளந்தேன்.
நாற்பத்தொரு பேர் வெளியே.
ஒருத்திக்கு அறுபத்தொன்பது புள்ளி எட்டு,
தசமத்தைத் தூக்கி எழுபதாக்கினேன்.
என்னால் ஆன தர்மம் அவ்வளவுதான்.
மத்தியானம் தயிர்சோறு இறங்கத்தான் செய்தது.

பவுன்ராணி. விலங்கியல், முதுகலை இரண்டாம் ஆண்டு.
மயிலாடும்பாறையைத் தாண்டி ஏதோ ஓர் ஊர்.
அறுபத்தாறு என்றது கோடு.
அவள் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து விரித்தாள்.
பக்கம் பக்கமாய் பஸ் டிக்கெட்,
சோற்றுப் பசை வைத்து ஒட்டியது.
காசு வாங்காத டவுன் பஸ் டிக்கெட்டும் இருந்தது.
"அதுலயும் தூரம் தூரந்தானே, மேடம்.
மூணு பஸ். மூணே முக்கால் மணி நேரம்.
ஆண்டிபட்டில விட்டா உசிலம்பட்டில நிக்கணும்.
நீங்க போடுற கோடு மலை மேல போகுது,
அந்த வழியா காக்காதான் வரும்."

பக்கத்து மேசைச் சந்தானம் சிரித்தார்.
காக்காவுக்கு எத்தனை சதவீதம் ஒதுக்கீடு என்றார்.
நானும் சிரித்தேன், கொஞ்சம்.
படிவத்தில் டிக்கெட் ஒட்ட இடமில்லை.

ஆடி பாதியில் காப்புத்தொகை வாங்க வந்தாள்.
வீடு அமைஞ்சதா என்று கேட்டுவிட்டேன்.
"வடபழஞ்சியில மாடி ரூம் ஒண்ணு, மேடம்.
வாடகையெல்லாம் பேசி முடிச்சாச்சு.
அட்வான்ஸ எண்ணிக்கிட்டிருந்த அம்மா
பாதியில நிறுத்தி
நீங்க என்ன ஆளுகன்னாங்க.
எண்ணின காசத் திருப்பி எங்கிட்டயே எண்ணினாங்க.
அச்சம்பத்துல அப்படிக் கேக்கல.
ஊருக்குள்ளயா, ஊரத் தாண்டியான்னு மட்டும் கேட்டாங்க."

சொல்லிக்கொண்டே வவுச்சரில் கையெழுத்துப் போட்டாள்.
கடைசி எழுத்தின் சுழியை மேலே இழுத்து,
வால் தூக்கிய அணில்போல.

பதினான்காம் எண் அறையில் ஒரு வருஷம் இருந்தாள்.
அகரவரிசை அவளோடு படுக்கப் போட்ட மூன்று பேர்
பரமேஸ்வரி, பல்கீஸ், பியூலா.
அந்த அறையிலிருந்து எனக்கு வந்த புகார்கள் மொத்தம் இரண்டு.
யாரோ யாருடைய பேஸ்டையோ பிதுக்கிவிட்டார்கள்.
மின்விசிறி இரண்டில் வைத்தாலும் ஐந்தில் சுற்றுகிறது.

இப்போது அங்கே ஒரு கட்டில் சும்மா கிடக்கிறது.
தொலைதூரத்து மாணவி யாரும் இன்னும் வந்து சேரவில்லை.
காத்திருப்புப் பட்டியல், அடுத்த கூட்டம்,
கோப்பு நகர்கிறது.

திருநகரில் எங்கள் வீட்டு மாடியும் காலிதான்.
வாடகைக்கு என்று பலகை தொங்கி இரண்டு மாதம்.
குழாயில் எந்நேரமும் தண்ணீர், தனி வழி, கொடி கட்டக் கொக்கி.
போனில் யார் கூப்பிட்டாலும்
என் வீட்டுக்காரர் முதலில் வாடகையைச் சொல்வதில்லை.
அவர் கேட்பதைக் கேட்டுக்கொண்டே
நான் வெண்டைக்காய் நறுக்கியிருக்கிறேன்.

பவுன்ராணி நோட்டைப் பைக்குள் வைத்தாள்.
"வரேன், மேடம்."
வாசல்வரை அவள் செருப்புச் சத்தம்.
கூப்பிட்டிருக்கலாம்.
பெயரின் முதல் எழுத்து நாக்கில் இருந்தது.

அலுவலகம் சாத்துமுன் ஒரு புள்ளியை வாசலில் வைத்தேன்,
இன்னொன்றை எங்கள் தெருவில்.
சமணர் மலை ஓரமாய்ப் போன கோடு
எங்கும் வளையாமல்
மாடிப்படிவரை வந்து நின்றது.
ஒன்பது கிலோமீட்டர்.
சேமிக்கவா என்று கேட்டது கணினி.

வேண்டாம் என்பதை அழுத்திவிட்டு
ஐந்தே முக்கால் பஸ்ஸுக்கு ஓடினேன்.