ஈற்றொலி

ஆர்டித்தின் சமையலறை மேசையில்
மடிக்கணினிக்கு முட்டுக்கொடுத்து இரண்டு கேக் தட்டுகள்.
திரையில் ஆறு சதுரங்கள்;
ஒன்றில் மின்விசிறி மட்டும்.

செகாய் காருக்குள் இருக்கிறார்,
நெப்ராஸ்கா இறைச்சி ஆலையின் வண்டி நிறுத்தத்தில்.
முகக்கவசம் தாடைக்குக் கீழே.
ஷிப்டுக்கு இன்னும் இருபது நிமிடம்.

"வாசலில் தினமும் கேட்கிறார்கள், டீச்சர்.
'நோ கோக்' என்கிறேன்.
சிரிக்கிறார்கள்."

எழுத்தில் ஜியும் எச்சும். வாயில் இரண்டும் வராது.
கீழுதட்டைப் பல்லால் தொடுங்கள்,
காற்றை விடுங்கள், என்கிறாள்:
காஃப்.

அவர் ஒலியை அணைத்துவிட்டுக் குனிகிறார்.
தோள் குலுங்குகிறது.
ஸ்டியரிங்கை இறுக்கிய கை.
கார்க் கண்ணாடி மங்குகிறது,
சத்தமே இல்லாமல்.

நிமிர்ந்து, பொத்தானைத் தட்டி:
"நோ காஃப்."

மிகச் சரி.
கட்டைவிரலை உயர்த்துகிறாள் ஆர்டித்.
உயர்த்திய பிறகு
அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.