இனி ஒரே நஞ்சு

பார்னு வளைகுடாவில் கடல் உறைந்துவிட்டது.
மீன் கிடங்கில் ஷிஃப்ட் முடிந்து
உர்வே கதவைத் திறக்கையில் மாலை நாலரை,
ஜன்னலில் நடுநிசி.
காலணியைக் கழற்றாமலே உட்கார்ந்தாள்.
அப்டேட் முடிந்திருந்தது.

ஒன்பது வருடம் அவள் விடக்காரி.
சாம்பல் கடல் என்ற அந்த ஆட்டத்தில்
யாரும் ஆசைப்பட்டு எடுக்காத வேடம்.
குளிர்நஞ்சை முதலில் ஊட்ட வேண்டும்.
அது நரம்பில் இறங்கும் நாலு மூச்சுக்குள் வேர்நஞ்சு.
பிறகு காத்திருக்க வேண்டும்,
அதுதான் கஷ்டம்,
கூட இருக்கும் பத்தொன்பது பேரும் விளாசிக்கொண்டிருக்க
கை கட்டி நிற்பது.
பூதத்தின் நிழல் இடப்பக்கம் சாயும் அந்தக் கணத்தில்
எரிநஞ்சு.
முந்தினால் வீண்.
பிந்தினால் தன் கையே எரியும்.
எரிந்தது, முதல் வருடம் முழுக்க.
கில்டில் அவளுக்குக் கரிக்கட்டை என்று பேர்.

இப்போது திரையில்
பச்சையாய் ஒரு பொத்தான்.
நஞ்சு.
கீழே பொடியெழுத்தில்:
புதியவர்களின் குழப்பம் நீங்க
மூன்றும் ஒன்றாக்கப்பட்டன,
சேதம் பன்னிரண்டு சதவீதம் கூட்டப்பட்டுள்ளது.

தமிழில் சொல்வதென்றால்
யாரோ ஒரு நல்ல மனசுக்காரர்
ல, ள, ழ மூன்றையும் ஓர் எழுத்தாக்கிவிட்டு
இனி பிழையே வராது பாருங்கள் என்று
முதுகில் தட்டிக்கொடுத்ததுபோல.
உண்மைதான், வராது.
வாலும் வாளும் ஒரே குவியலில் கிடக்கும்.
வாழ்வதும் அதற்கடியில்தான் எங்காவது.

அழுத்தினாள். பூதம் செத்தது.
அழுத்தினாள். செத்தது.
பன்னிரண்டு சதவீதம் சீக்கிரமாய்.
இடது சுண்டுவிரல் மட்டும்
தன் வேலை போன சேதி எட்டாமல்
எரிநஞ்சு இருந்த இடத்துக்கு மேலே
தூக்கியபடி நின்றது.

அன்றிரவு ஹெட்செட்டில் ஒரே இரைச்சல்.
வில்லாளிக்குக் காற்றைக் கணிக்கும் பாடு போயிற்று.
பேயோட்டிக்குப் பேய் திரும்பிக் கடிக்கும் பயம் போயிற்று.
"பல் முளைத்தவனுக்கும் பால்கஞ்சி"
என்றான் டார்ட்டுவிலிருந்து ரைடோ.
உர்வே இன்னும் மோசமாக ஒன்று சொன்னாள்,
அதை இங்கே எழுத முடியாது.
சிரிப்புக்கு நடுவே
நாலு வருடமாய்க் கேட்காத ஒரு செருமல்.

ஓலெவ்.
மரமில் வலக்கையில் மூன்று விரலை எடுத்துக்கொண்ட பிறகு
யாரிடமும் சொல்லாமல் போனவன்.
"ஆறே பொத்தான்தானாமே" என்றான்.
"ஆறென்றால் எனக்கு முடியும்."

கொஞ்ச நேரம்
கம்ப்யூட்டர்களுக்குள் காற்றாடி சுற்றுவது மட்டும் கேட்டது,
ஏழு ஊர்க் காற்றாடிகள்.

அவனும் வந்தான்.
தப்பான ஆளுக்குக் காயம் ஆற்றினான்,
இரண்டு முறை செத்தான்,
செத்துக் கிடந்தபடி சிரித்தான்.
அந்தச் சிரிப்பை உர்வேக்குத் தெரியும்.
போன வாரம்வரை அதற்காக
எதை வேண்டுமானாலும் கொடுத்திருப்பாள்.

கொடுத்தாயிற்று போலிருக்கிறது, கேட்காமலே.
அவன் நுழைய ஒரு கதவு வைப்பதற்கு
என் வீட்டை ஏன் இடித்தார்கள்
என்று கேட்க வாய் வரை வந்தது.
யாரிடம் கேட்பது?
அவன் மைக்கில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான்,
மாடி ஏறி வந்தவன்போல.
மனசாரக் கோபப்படக்கூட விடமாட்டேன் என்கிறார்கள்.

கடைசிப் பூதம் எழுந்தது.
எல்லோரும் அழுத்தினார்கள்.
உர்வே கை கட்டி நின்றாள்,
நாலு மூச்சு,
இன்னும் நாலு.
நிழல் இடப்பக்கம் சாய்ந்தது.
(அதைச் சாயவிடாமல் நிறுத்த
யாருக்கும் தோன்றவில்லை.)

அப்போது அழுத்தினாள்.

"கரிக்கட்டை, என்ன இவ்வளவு தாமதம்?"

"நெட் ஸ்லோ" என்றாள்.